ஊசிக் காதும் வெள்ளெழுத்தும்

ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்காரும்போதெல்லாம் என் அம்மா ஊசியை முகத்துக்கு நேரே நீட்டி, கை எட்டும் தூரத்தில் தள்ளிப் பிடிப்பார். அப்படியும் காது பிடிபடாவிட்டால் எழுந்து வாசல் வெளிச்சத்துக்குப் போவார். இரண்டுமே விழிக்குள் நடப்பதை அறிந்து செய்தவை போல் அவ்வளவு சரியானவை.

ஒளியைக் குவிப்பது முழுவதும் விழி லென்ஸின் வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் கண்ணின் மொத்தத் திறனாகிய சுமார் 60 டயாப்டரில் (ஒளியைக் குவிக்கும் திறனை அளக்கும் அலகு) ஏறத்தாழ 43, முகப்பில் தெளிந்த கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவுக்கு உரியது. கிணற்று நீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிகிறதே, அதற்குக் காரணம் நீரும் கார்னியாவும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் விலக்குவதுதான். அங்கே கார்னியாவின் திறன் பெரும்பாலும் அற்றுப்போகிறது.

ஆனால், தொலைவிலிருக்கும் கோபுரத்தையும் கையிலிருக்கும் புத்தகத்தையும் மாறி மாறித் தெளிவாகக் காட்டுவது லென்ஸ். இதை உறுதிப்படுத்த ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங் 1801இல் விவரித்த சோதனை மிக நேர்த்தியானது. தம் கண்ணை நீரோடு பொருத்திக் கார்னியாவின் திறனை நீக்கி, ஈடாக ஒரு கண்ணாடி லென்ஸை வைத்துப் பார்த்தார். அப்போதும் அவர் கண் அருகுக்கும் தொலைவுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது.

அந்த மாற்றம் நிகழும் விதத்தை 1855இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். லென்ஸைச் சுற்றி வளையமாகச் சிலியரித் தசை அமைந்திருக்கிறது. நுண்ணிய இழைகள் லென்ஸை அந்த வளையத்தோடு பிணைக்கின்றன. தொலைவில் பார்க்கும்போது தசை தளர்ந்து, வளையம் விரிந்து, இழைகள் விறைத்து லென்ஸைத் தட்டையாக்குகின்றன. அருகில் பார்க்கும்போது தசை சுருங்குகிறது, வளையம் குறுகுகிறது, இழைகள் தொய்கின்றன. பிடி தளர்ந்த லென்ஸ் தன் மீள்தன்மையால் தானே திரண்டு தடிக்கிறது. தசை லென்ஸை அழுத்துவதில்லை, விட்டுக்கொடுக்கிறது.

சிக்கல் இங்கேதான். தோல் தன் பழைய செல்களை உதிர்த்துவிடுகிறது. லென்ஸோ வாழ்நாள் முழுவதும் புதிய அடுக்குகளை வெளிப்புறத்தில் சேர்த்துக்கொண்டே போகிறது, பழையவற்றை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு ஆண்டு நடுப்பகுதி இறுகுகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏழெட்டு சென்டிமீட்டரில் பிடித்த எழுத்தையும் படித்துவிடுவான். ஐம்பது வயதில் அதே எழுத்தை அரை மீட்டர் அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. இழைகள் தொய்ந்தாலும் இறுகிய லென்ஸ் திரள்வதில்லை. இதுவே வெள்ளெழுத்து. எனவே, கண்பயிற்சியால் இது நீங்கிவிடும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. கண்ணாடி போட்டால் கண் கெட்டுவிடும் என்று அஞ்சி, படிக்கும் ஆசையையே விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கண்ணாடி அணிந்தாலும் அணியாவிட்டாலும் லென்ஸ் அதே வேகத்தில்தான் இறுகும்.

வாசல் வெளிச்சத்தின் பயன் வேறு. இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியக்கூடிய கண்பாவை, நல்ல வெயிலில் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. சிறு துளை வழியே வரும் ஒளிக்கற்றை மெலிந்தது. குவியம் சற்றுப் பிசகினாலும் விழித்திரையில் விழும் மங்கல் வட்டம் சிறிதாகவே இருக்கும். லென்ஸ் செய்ய இயலாததில் ஒரு பகுதியை வெயில் செய்துகொடுக்கிறது. ஊசிக் காது தெரிகிறது, நூலும் நுழைகிறது.