பூவை அப்புறம் பார்க்கலாம், முதலில் தண்டு

பூ அலங்காரம்தான் என் தொழில். "வீட்டில் பூத்ததைத்தான் வெட்டி வைத்தேன், ஜாடியில் நிற்கவே மாட்டேன் என்கிறதே" என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலும் கோளாறு விதை வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது. பாக்கெட்டில் பூவின் படத்தைப் பார்ப்பார்கள், செடியின் உயரத்தைப் படிக்க மாட்டார்கள்.

ஜினியாவில் ஒரு அடியோடு நின்றுவிடும் குட்டை ரகமும் உண்டு, மூன்று அடி வளர்வதும் உண்டு. குட்டை ரகம் பாத்தி ஓரத்துக்குச் சரி. வெட்டினால் சாண் நீளத் தண்டு தேறுவதே கஷ்டம். இரண்டரை அடிக்குக் குறைந்த ரகத்தை ஜாடிக்கென்று நான் விதைப்பதில்லை. உயர ரகத்தையும் சும்மா விடக் கூடாது. முக்கால் அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராதுதான். ஆனால் பக்கக் கிளைகள் அடியிலிருந்தே நீளமாகக் கிளம்பும், வெட்ட வெட்டப் பூக்கும்.

வெட்டிய பிறகு பூ என்ன செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிளாடியோலஸ், சம்பங்கி போன்ற கதிர்ப் பூக்களில் அடியில் உள்ள இரண்டு, மூன்று மொட்டுகள் விரியத் தொடங்கும்போது வெட்டினால், மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவை ஜாடியிலேயே விரியும். ஜினியாவும் டேலியாவும் அப்படியல்ல. மொட்டில் வெட்டினால் மொட்டாகவே வாடும். ஜினியா மலர்ந்த பின்பும், பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் விட்டுவிடுங்கள், விறைப்பாக நின்றால் வெட்டலாம்.

டேலியா ஐந்து நாள் தாங்கினால் பெரிது. சாமந்தி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால், பத்து நாளாவது நிற்கும். செம்பருத்தி பெரும்பாலும் ஒரு நாள் கூத்து. ஜாடிக்கென்று அதை நடவே வேண்டாம். கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இலைக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். தண்டு முற்றிய திருநீற்றுப்பச்சிலை என் விருப்பம். பூக்களுக்கு நடுவே இடத்தையும் நிரப்பும், வாசமும் தரும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசித்து நடுங்கள். அரளியும் செங்காந்தளும் அழகுதான், ஆனால் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வதில்லை. பூனை வளர்ப்பவர்கள் லில்லியைத் தொடவே வேண்டாம். இதழ், இலை, மகரந்தம், ஏன், ஜாடித் தண்ணீர்கூட அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். வாய் வைத்ததாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.