சொட்டுநீர் மானியம் வாங்கும் முன்: மண் பரிசோதனையை டீலரிடம் விடாதீர்கள்

போடும் யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது. வாய்க்காலில் நிறையத் தண்ணீர் பாய்ச்சினால் வேருக்குக் கீழே இறங்கிவிடும், மணல் கலந்த செம்மண்ணில் இன்னும் வேகமாக. போன உரம் கடைசியில் கிணற்றுத் தண்ணீரில் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம்.

இதைக் குறைக்கத் தமிழ்நாட்டில் கையில் இருப்பவை இரண்டு: உங்கள் மண்ணுக்கு எவ்வளவு உரம் வேண்டும் என்று சொல்லும், 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையும் சொட்டுநீர் மானியமும். மானியம் சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரை 75 சதவீதம். அரசு நிர்ணயித்த தொகைக்குத்தான் இந்தச் சதவீதம். அதற்கு மேல் சொட்டுநீர் கம்பெனி போடும் கணக்கு உங்கள் தலையில்தான் விழும்.

முதலில் மண்வள அட்டை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று எடுத்துத்தான் அட்டைகள் போட்டார்கள். உங்கள் பெயர் அச்சாகியிருக்கும், மண் பக்கத்துக் காட்டுடையதாக இருக்கலாம். மானிய விண்ணப்பத்துக்கு மண், நீர் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். "அதெல்லாம் நாங்களே வைத்துவிடுகிறோம் அண்ணா" என்று டீலர் சொல்வார். யாருடைய மண்ணோ, ஒரு தாள் ஃபைலில் ஏறிவிடும். அலுவலகத்துக்கு ஃபைல் நிறைந்தால் போதும்; தப்பான உர அளவுக்குப் பல வருடம் செலவு செய்யப்போவது நீங்கள்.

மாதிரியை நீங்களே எடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல் வேண்டாம். பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, கலந்து, அரைக் கிலோ கொடுங்கள். மேட்டில் செம்மண், பள்ளத்தில் கரிசல் என்றால் இரண்டு மாதிரி. இரண்டுக்கும் தனித்தனி வால்வு வேண்டும் என்று கம்பெனிக்காரரின் வரைபடத்திலேயே எழுத வையுங்கள். இல்லாவிட்டால் கரிசலுக்கு ஓடுகிற நேரமே செம்மண்ணுக்கும் ஓடும், உரம் கீழே போகும்.

அடுத்து விண்ணப்பம். இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால் நகராது. முதலில் பெயர் மாற்றுங்கள். வாய்மொழிக் குத்தகை செல்லாது, பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதே சர்வே எண்ணில் முந்தைய உரிமையாளர் மானியம் வாங்கி 7 ஆண்டு முடியவில்லை என்றால் கணினி தடுக்கும். நிலம் வாங்கியவர்கள் இதை முன்பே விசாரியுங்கள். சிறு, குறு விவசாயி சான்றுக்கு எல்லா ஊரிலும் உள்ள நிலத்தைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர வேண்டும். அதனால் முதலில் இதை ஆரம்பியுங்கள்.

வாழை, காய்கறி, மஞ்சள் என்றால் தோட்டக்கலை அலுவலகம். கரும்பு, பருத்தி, கடலை என்றால் வேளாண்மை அலுவலகம். இதைச் சொல்லாமலே "நாளைக்கு வாங்க" என்பார்கள். அரசின் உழவன் செயலியில் பதிவு செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "டார்கெட் முடிந்துவிட்டது", அதாவது மானிய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அப்போதுதான் ஃபைலைத் திறக்கிறார்கள்.

டிரிப் போட்டாலே உரம் மிச்சமாகும் என்பது விற்பவர் பேச்சு. அளவுக்கு மீறி மோட்டார் ஓடினால் சொட்டுநீரிலும் நைட்ரேட் இறங்கும். சொட்டுநீரில் உரம் விடும்போது முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசியில் குழாய் கழுவும் அளவுக்கு மட்டும் தண்ணீர். யூரியா, வெள்ளைப் பொட்டாஷ் கரையும். சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாகப் போடுங்கள், குழாயில் விட்டால் அடைக்கும். உரம் விடும் வெஞ்சுரி விலைப்புள்ளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிரிப் போட்ட பிறகு அதிகாரிகள் பார்க்க வரும் ஆய்வு நாளில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசி வரிசையின் கடைசிச் சொட்டுவானில் தண்ணீர் வந்த பிறகுதான் கையெழுத்து. பணம் கம்பெனிக்குப் போய்விட்டால் அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். இழுத்தடித்தால் பதிவு எண்ணோடு முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குக் கூப்பிடுங்கள், ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.