கடல்நீர் எப்போதாவது மட்டும் எட்டும் இடத்தில் உப்பு ஏன் கூடுகிறது?

பிச்சாவரத்தில் படகில் சுற்றிவிட்டு வந்த வாசகர் ஒருவர் நல்ல கேள்வி ஒன்றை அனுப்பியிருந்தார். நாள்தோறும் இரு வேளை கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைக் கரையில் சுரபுன்னை செழித்து நிற்கிறது. அங்கிருந்து சற்றே உள்ளே தள்ளி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மட்டுமே நீர் எட்டுகிற இடத்தில் தரை வெளுத்துப்போய், ஆங்காங்கே உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் இல்லாமல் கிடக்கிறது. உப்புநீர் குறைவாக வரும் இடத்தில் உப்பும் குறைவாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஐயம்.

பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்: ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே கழிமுக நிலத்தின் உப்புக் கணக்கு ஒரு வரவுசெலவுக் கணக்கைப் போன்றது. ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்நீர், உப்பைக் கொண்டுவருகிறது. வடிகின்ற நீரும் மழையும் அதை வெளியேற்றுகின்றன. வெயிலோ நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை விட்டுச் செல்கிறது. இக்கணக்கில் எந்த இடத்தில் இருப்பு மிகும் என்று முன்கூட்டிச் சொல்வதைத்தான் உவர்த்தன்மைக் கணிப்பு என்கிறோம்.

கடலிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைக் காட்டிலும், தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே இங்கு அதிகம் பேசுகிறது. தாழ்வான தரையில் ஓதம் நாள்தோறும் ஏறி மண்ணின் நீரைப் புதுப்பித்துவிடுவதால், அங்குள்ள உவர்ப்பு பக்கத்து ஓடைநீரின் உவர்ப்பை விட்டு வெகுதூரம் விலக முடியாது. மிக மேடான தரைக்குப் புயல் காலத்தில்தான் கடல்நீர் போகும். அந்த உப்பையும் வடகிழக்குப் பருவமழை கழுவிவிடும். நடுவில் இருக்கும் தரைதான் இரண்டும் கெட்டான் நிலையில் மாட்டிக்கொள்கிறது. உப்பைக் கொண்டுவரும் அளவுக்கு ஓதம் அங்கு எட்டுகிறது. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துச்செல்லும் அளவுக்கு அடிக்கடி எட்டுவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரைச் சதுப்புகளிலும் உப்பின் உச்சம் இப்படி நடு உயரத்தில்தான் விழுகிறது. வெயில் குறைந்த வடபகுதிகளுக்குப் போகப் போக அந்த உச்சம் மழுங்கிவிடுகிறது. நம் சோழமண்டலக் கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கமோ சுமார் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், தாழ்நிலம், நடுநிலம், மேட்டுநிலம் ஆகிய மூன்றும் அந்த ஒரு மீட்டருக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

அந்த நடுநிலத்தில் ஒரு சிறு பள்ளம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளத்தின் ஆழம் 10 சென்டிமீட்டர்; பரப்பு ஒரு சதுர மீட்டர். அமாவாசை ஓதம் அதை நிரப்பினால் 100 லிட்டர் நீரும் 3.5 கிலோ உப்பும் உள்ளே வந்துவிடும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், 15 நாள் கழித்துப் பௌர்ணமி ஓதம் வரும்போது 25 லிட்டர்தான் மிச்சமிருக்கும். அதன் உவர்ப்பு லிட்டருக்கு 140 கிராம். பௌர்ணமி ஓதம் 75 லிட்டரைச் சேர்த்துப் பள்ளத்தை மீண்டும் நிரப்புகிறது. மறுபடியும் 15 நாள் வெயில். உவர்ப்பு 245 கிராம். மூன்றாவது முறையும் நிரம்பி வற்றினால் கணக்கு 350 கிராம் என்று வருகிறது. ஆனால் ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 318 கிராம் சமையல் உப்புக்கு மேல் கரைந்திருக்க முடியாதாகையால், மிகுதி உப்பு படிகமாகத் தரையில் இறங்கிவிடும். ஆக, 45 நாளில், யாரும் பாத்தி கட்டாமலேயே, அங்கே ஓர் உப்பளம் உருவாகிவிடுகிறது. உண்மையில் கொஞ்சம் நீர் மண்ணுக்குள் கசியும். கரைசல் தடிக்கத் தடிக்க ஆவியாதலும் மந்தமாகும். ஆகவே நாள் கூடலாம், திசை மாறாது.

இது வெறும் காகிதக் கணக்கென்று எண்ண வேண்டாம். பிச்சாவரத்தில் காலனி ஆட்சிக் காலத்தில் தொடங்கிய மரவெட்டு முறையில், காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டினார்கள். நிழலை இழந்த மண் வெயிலில் காய்ந்து சுருங்கி, சற்றே அமிழ்ந்து, தொட்டியைப் போலக் குழிந்துவிட்டது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. நாம் மேலே போட்ட கணக்கு அங்கே ஆண்டுக்கணக்கில் ஓடியது. வெட்டிய மரங்கள் தாமாக முளைக்காததற்கு அந்த மிகை உப்பே காரணம் என்று எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டறிந்தனர். பின்னர் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். நீர் வந்து திரும்பத் தொடங்கியதும் உப்பு குறைந்தது, நட்ட வெண்கண்டல் நாற்றுகள் பிழைத்தன. உப்பைக் குறைப்பதற்காக அவர்கள் கடல்நீரைத் தடுக்கவில்லை. அதற்கு இன்னும் நன்றாக வழி திறந்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் செய்தி.

கணிப்பை நுட்பமாக்க வேண்டுமென்றால் உயிர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுரபுன்னை, வெண்கண்டல் போன்ற கண்டல் மரங்களின் வேர்கள் உப்பில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் உறிஞ்சுவதால், வேர்ப்பகுதி மண்ணில் உப்பு சேர்கிறது. அதைக் கழுவுவதில் நண்டுகளுக்குப் பங்குண்டு: ஓதம் ஏறும்போது நண்டு வளைகளுக்குள் புகும் நீர், சுற்றியுள்ள சேற்றிலிருந்து கசியும் உப்பை வாங்கிக்கொண்டு, அடுத்தடுத்த ஓதங்களில் வெளியேறுகிறது.

இக்காலத்தில் செயற்கைக்கோள் படத்தையும் கணினிக் கற்றலையும் சேர்த்து உவர்ப்பு வரைபடம் போடுவது பரவலாகிவிட்டது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சில சென்டிமீட்டர் உயர வேறுபாடு உப்பின் விதியையே மாற்றிவிடுகிற நிலத்தில், மட்டக் கருவியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி உயரம் அளப்பவருக்கும், ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மண்ணைத் தோண்டி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பார்ப்பவருக்கும் சம்பளம் கொடுக்க மனம் வராமல், மென்பொருளுக்கு மட்டும் நிதி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. கணினி கற்றுக்கொள்வதே அந்த அளவீடுகளிலிருந்துதான்.

செயற்கைக்கோள் ஏமாறும் ஓர் இடத்தைச் சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும்; மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் நாம் காண்பதும் இதுதான். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவை எளிதில் கடந்துவிடுவதால், நண்பகலில் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரிந்த அதே தரை விடியற்காலையில் ஈரமாகி, கறுத்து, சாதாரணச் சேற்றைப் போலக் கிடக்கும்; வெயில் ஏறிய பிறகே மறுபடி வெளுக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் கடப்பது காலை 10.30 மணியளவில். அந்நேரத்தில் தரை இன்னும் முழுதாக உலராமல் இருந்தால், வானிலிருந்து எடுத்த படத்தில் உப்புத் தரையும் வெறும் சேறும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் விழும். அங்கே வெறுங்காலோடு நிற்பவருக்கு அந்தக் குழப்பம் இருக்காது. பாதத்தின் கீழே மெல்லிய பொருக்கு நொறுங்குவதை உணர்ந்தே எது உப்புத் தரை என்று சொல்லிவிடுவார்.