வெள்ளிக்கம்பிக்குள் இரண்டு நீலங்கள்

நூறு வயதைக் கடந்த ஒரு சீன வெள்ளிப் புரூச்சை (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை) கையில் எடுத்தால் கண் நேராக நீலத்துக்குத்தான் போகும். நடுவில் சூதுபவளமோ ஜேட்டோ செவ்வந்திக்கல்லோ பதித்திருப்பார்கள். சுற்றிலும் தலைமுடி போன்ற வெள்ளிக்கம்பியில் பூவும் இலையும் வண்ணத்துப்பூச்சியும் பின்னியிருப்பார்கள். அந்த இலைகளுக்குள்ளும் சிறகுகளுக்குள்ளும் ஆழ்ந்த நீலமும் பசுநீலமும் நிரம்பியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இத்தகைய நகைகள் ஏராளமாகப் போயின. அவற்றில் இருக்கும் நீலம் இரண்டு வகை. ஒன்று கண்ணாடி. மற்றொன்று மீன்கொத்தியின் இறகு.

கை நீட்டும் தூரத்தில் வித்தியாசம் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். கண்ணாடி என்றால் பரப்பு வழவழப்பாக இருக்கும். ஊசிமுனையளவு குமிழித் துளைகள் அங்கங்கே தெரியும். ஓரங்களில், தம்ளர் விளிம்பை ஒட்டித் தண்ணீர் சற்று ஏறி நிற்பதைப் போல, நீலம் கம்பியின் மேல் ஏறி நிற்கும். உருகியிருந்தபோது ஏறியது அப்படியே உறைந்த தடம் அது. இறகு என்றால் வழவழப்பே இருக்காது. சீப்பின் பற்களைப் போல நெருங்கிய இழைகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பட்டுத்துணியின் மினுக்கத்தோடு படிந்திருக்கும்.

சீனத்தில் இந்த இறகு வேலைக்கு ‘தியான்சுய்’ என்று பெயர். வெள்ளித் தகட்டின் விளிம்பில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வரப்பு கட்டி, முலாம் பூசி, அந்தப் பாத்திக்குள் அளவாக வெட்டிய இறகைப் பசை தடவி ஒட்டினார்கள். பாத்தி ஒவ்வொன்றும் அரிசி மணியளவே இருக்கும் நகைகளும் உண்டு. பேரரசிகளின் தலையணிகள் முதல் மணப்பெண்ணின் கொண்டை ஊசி வரை இந்த வேலைப்பாடு இருந்தது. 1912இல் சீனாவை ஆண்ட சிங் வம்சம் அரியணை இழந்தபின் பழைய தலையணிகள் பிரிக்கப்பட்டன. அவற்றின் துண்டுகளில் பல, ஊசி பொருத்தப்பட்டுப் புரூச்சாக வெளிநாட்டவரிடம் விலைபோயின.

இறகின் நீலத்தில் நீலச்சாயம் ஒரு துளியும் கிடையாது. குளக்கரை மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் நம் மீன்கொத்திக்கும் இது பொருந்தும். அதன் இறகு கரையில் விழுந்து கிடந்தால் எடுத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். நீலம் மறைந்து மங்கிய பழுப்பு தெரியும். நீலக் கண்ணாடிப் புட்டியை அப்படிப் பிடித்தால் நீலமாகவேதான் இருக்கும். இறகை நுணுக்கிப் பொடியாக்கினாலும் நீலம் போய்விடும். கண்ணாடியை எவ்வளவு அரைத்தாலும் வெளிறுமே தவிர, நீலம் போகாது.

காரணம், இறகிழையின் உட்புறம். நம் நகமும் முடியும் ஆகியிருக்கும் கெரட்டின் என்ற அதே புரதம் அங்கே நுண்ணிய பஞ்சைப் போல அமைந்து, காற்றுத் துளைகளோடு பின்னிக் கிடக்கிறது. துளைகள் வரிசைகட்டி நிற்கவில்லை. ஆனாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தத் தூரம் நீல ஒளியின் அலைநீளத்தில் (சுமார் 450 முதல் 490 நானோமீட்டர்) பாதிக்கும் குறைவு. ஒளி உள்ளே நுழைந்து ஒவ்வொரு துளையிலும் பட்டுத் திரும்பும்போது, நீல அலைகள் மட்டும் ஏற்றத்தோடு ஏற்றமாகச் சேர்ந்து வலுக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் அப்படிச் சேராமல் உள்ளே போய், அடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமியில் அடங்கிவிடுகின்றன. திரும்பி வருவது நீலம் மட்டும். வெளிறுவதற்குச் சாயமே இல்லை என்பதால்தான் நூறாண்டு கழித்தும் அது நேற்று ஒட்டியதைப் போல இருக்கிறது. பூச்சி அரிக்கலாம், ஈரம் பசையை இளக்கலாம், உரசினால் இழை முறியலாம். மிஞ்சிய துண்டு நீலமாகவே இருக்கும்.

இதற்குப் பறவை கொடுத்த விலை பெரிது. 1296இல் கம்போடியாவுக்குப் போன சீனத் தூதுக்குழுவைச் சேர்ந்த சோ தாகுவான், அங்கே மீன்கொத்தி பிடிப்பதை எழுதிவைத்திருக்கிறார். காட்டுக் குளத்தருகே ஒருவன் இலைதழைகளால் உடலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெட்டைப் பறவை ஒன்றைக் கூண்டில் வைத்து ஆண்பறவையை ஈர்ப்பான். கையில் சிறிய வலை. நாள் முழுவதும் காத்திருந்தால் மூன்றோ ஐந்தோ கிடைக்கும், சில நாள் ஒன்றும் கிடைக்காது. ‘ஃபெய்சுய்’ என்ற சீனச் சொல் முதலில் இந்தப் பறவையைத்தான் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து பளீரென்ற பச்சை ஜேடைட் கல் பெருமளவில் வந்தபோது அந்தப் பெயர் கல்லுக்குப் போயிற்று. இன்று நகைக்கடையில் ஃபெய்சுய் என்றால் கல்தான்.

ஏற்றுமதி நகைகளில் மிகுதியாகக் காண்பது மற்ற நீலமான எனாமல், அதாவது உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. எனக்கு இதன் மேல்தான் மதிப்பு அதிகம். எந்த உயிரையும் வாங்காமல் நெருப்பிலிருந்து எடுத்த நீலம் இது. கண்ணாடித்தூளில் கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். கோபால்ட் அயனிகள் மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்கிவிடுகின்றன. செம்பு சேர்த்தால் கண்ணாடியைப் பொறுத்து நிறம் மாறும்: சோடா, பொட்டாஷ் மிகுந்த கண்ணாடியில் பசுநீலம், ஈயம் மிகுந்ததில் பச்சை.

கடினமான பகுதி வெப்பம். ஒரே நகையைப் பலமுறை நெருப்பில் வைக்க வேண்டும். முன்பு செய்த வேலை உருகிவிடக் கூடாது. தூய வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். அதைக் கம்பியச்சில் இழுத்து இழுத்து மெலிதாக்கி, இரண்டிழை முறுக்கித் தட்டையாக்கி, வளைத்து உருவம் செய்வார்கள். பற்றவைப்பதற்கு வெள்ளியோடு செம்பு கலந்த பொடி. கலவையில் செம்பு 28 சதவீதம் இருக்கும்போது உருகுநிலை 779 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. செம்பு, வெள்ளி இரண்டின் தனி உருகுநிலையையும்விடக் குறைவு. பொடியை வெங்காரத்தோடு தூவி ஊதினால், வெங்காரம் உருகி ஆக்சைடு படலத்தைக் கரைக்கும்; உருகிய பொடி நுண்புழை விசையால் கம்பிகளின் இடுக்கில் தானே ஓடிப் புகும். நம் ஊர்த் தட்டார்கள் பொடி வைத்து ஊதுவதும் இதே கணக்கில்தான். அதற்கும் கீழான வெப்பத்தில் உருகும்படி எனாமலைக் கலக்க வேண்டும். ஈயம் அதற்கு உதவும். ஆறும்போது கண்ணாடியும் வெள்ளியும் சுருங்கும் அளவு பொருந்தாவிட்டால் எனாமல் விரிசல்விட்டு உதிரும்.

கடைசியில் தங்க முலாம். பழைய முறையில், பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிக் கரியடுப்பில் காட்டுவார்கள். 357 டிகிரியில் பாதரசம் கொதித்து ஆவியாகப் போகும், தங்கம் தங்கிவிடும். அந்த ஆவி வேலை செய்தவர்களின் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. பின்னால் மின்முலாம் வந்தது. முலாம் தேய்ந்த இடத்தில் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தொட்டு, கறுத்த வெள்ளி சல்ஃபைடாக்கிவிடும். பழைய புரூச்சின் பின்புறம் கறுத்திருப்பது அதனால்தான்.

அந்தப் பின்புறத்தில் ‘சைனா’ என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நகையின் காலத்தை ஊகிக்க அது உதவும். இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் குறிக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 1950 டிசம்பரில் சீனப் பொருள்களுக்கே தடை வந்து, 1971 வரை நீடித்தது. கற்கள் எல்லாம் சீனாவில் தோண்டியவை என்று எண்ண வேண்டாம். சிங் பேரரசி சிசிக்குப் பிடித்த டூர்மலின் என்ற இளஞ்சிவப்புக் கல், அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ வட்டாரச் சுரங்கங்களிலிருந்து கப்பலேறிச் சீனா போயிற்று. சிங் வம்சம் விழுந்ததும் அந்தச் சந்தையும் விழுந்தது.

இப்படி ஒரு நகை உங்களிடம் இருந்தால் வெள்ளி பளபளக்க வைக்கும் திரவத்தில் முக்காதீர்கள். பசை இளகும், டர்க்காய்ஸ் என்ற பசுநீலக் கல்லும் பவளமும் திரவத்தை உறிஞ்சும். செவ்வந்திக்கல் பதித்ததை வெயிலில் வைக்காதீர்கள். நாள்பட்டால் கல் வெளிறிவிடும். இறகு நகையை விரலால் தடவாமல், மென்மையான தூரிகையால் இழை சாய்ந்திருக்கும் பக்கமாகவே தூசி தட்டுங்கள்.