ரம்மி செயலியில் பணம் இழந்தவருக்கும் வரி வரும்

மாதச் சம்பளக்காரர்களும் சிறு வணிகர்களும் மாணவர்களும் ரம்மியையும் ஃபேன்டஸி கிரிக்கெட்டையும் பணம் கட்டி ஆடுவது வீட்டுக்கு வீடு பரவிய பிறகே, அத்தகைய ஆட்டங்களை நடத்துவதற்குத் தடை விதிக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆடியவர்களை அச்சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால், முன்பு வென்ற பணத்தின் மீதான வரி அப்படியே இருக்கிறது.

2023-24 நிதியாண்டு முதல், இணைய விளையாட்டில் கிடைத்த நிகர வெற்றித் தொகைக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிபிஜே பிரிவின்படி 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. பணத்தை எடுக்கும்போது நிறுவனமே அந்த வெற்றித் தொகையில் 30 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரியாக, பிடித்துவிடும். மார்ச் 31 அன்று செயலியிலேயே விட்டுவைத்த இருப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு இது தனித்தனியாகக் கணக்கிடப்படுவதுதான் பலரை வீழ்த்துகிறது. ஒரு செயலியில் ஒரு லட்சம் கட்டி ஒன்றரை லட்சம் எடுத்தவர், அதே ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் செயலியில் 80,000 ரூபாயைத் தோற்றிருந்தால், மொத்தத்தில் அவருக்கு 30,000 ரூபாய் இழப்பு. ஆயினும் முதல் செயலியின் 50,000 ரூபாய்க்கு அவர் 15,600 ரூபாய் வரி செலுத்தியாக வேண்டும். அதில் டிடிஎஸ்ஸாகப் போவது 15,000 மட்டுமே, மீதியைக் கணக்குத் தாக்கலின்போது அவரே கட்ட வேண்டும். தோற்ற 80,000 ரூபாயை எங்கும் கழிக்க இயலாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் இயலாது.

வேறு வருமானமே இல்லாதவருக்கும் இந்தத் தொகையில் அடிப்படை வருமான விலக்கு கிடையாது. ஆகவே, பிடித்த டிடிஎஸ் முழுவதையும் திரும்பப் பெற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்குக்கு வழக்கம்போல ஐடிஆர்-1 படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள். இந்த வருமானம் இருந்தால் அந்தப் படிவம் செல்லாது, ஐடிஆர்-2 தேவை. தாக்கலுக்கு முன் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம்), ஏஐஎஸ் (உங்கள் ஆண்டு வருமான விவர அறிக்கை) இரண்டையும் பதிவிறக்கி, செயலியின் கணக்கு விவரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்ஸில் ஏறாமல் போனால் அலைக்கழிப்பு தொடங்கும். நிறுவனம்தான் திருத்த வேண்டும் என்று வரி அலுவலகம் அனுப்பிவைக்கும். ஆட்டத்தையே நிறுத்திவிட்ட நிறுவனத்தின் உதவிப் பிரிவோ தானியங்கிப் பதிலோடு முடித்துக்கொள்ளும். (பணம் கட்டச் சொல்லும்போது மட்டும் அவர்கள் இரவு பகல் பாராமல் விழித்திருந்தார்கள்.) திருத்த அறிக்கையை நிறுவனம்தான் தாக்கல் செய்ய முடியும் என்பது உண்மையே. ஆனால், பிடித்த அளவுக்கு வரியை உங்களிடமே மீண்டும் கேட்கக் கூடாது என்று பிரிவு 205 கூறுகிறது. எனவே வரியைக் கட்டச் சொல்லித் துறையிடமிருந்து அறிவிப்பு வந்தால் பேசாமல் இருந்துவிடாமல், வருமான வரி இணையதளத்தில் 'உடன்பாடில்லை' என்று பதிந்து, பிடித்தத்தைக் காட்டும் சான்றை இணையுங்கள். அந்தச் சான்று செயலிக்குள் மட்டும் இருந்தால், அது மூடப்படும் நாளில் உங்கள் வழக்கும் மூடப்பட்டுவிடும். கட்டிய தொகை, எடுத்த தொகை, டிடிஎஸ் ஆகிய மூன்றின் ஆண்டு விவரங்களையும் இன்றே இறக்கி வையுங்கள்.

மனைவியின் அல்லது தாயாரின் பான் எண்ணைக் கொடுத்து ஆடியவர்களின் வீட்டில் அறிவிப்பு அந்தப் பெண்களின் பெயருக்கே வருகிறது. ஆடியது கணவர்தான், மகன்தான் என்று விளக்கினால் துறை ஏற்பது அரிது. ஆகவே அவர்களுடைய ஏஐஎஸ்ஸையும் திறந்து பார்த்துவிடுங்கள்.