வாய்வரை வந்த பதில்

"எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறாள், பேசச் சொன்னால்தான் வாயே திறப்பதில்லை." பள்ளிக் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. கூடவே இன்னொன்றும் வரும்: "வீட்டில் வாய் ஓயாது."

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். பேசத் தெரியாத குழந்தை இல்லை இது. வேற்று மொழியில், நாலு பேர் முன்னால் பேசத்தான் பயம்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "எழுந்து நின்றாலே வயிற்றைப் பிசையும். பதில் தெரியும். முதல் வார்த்தை தப்பாகிவிடுமோ என்று நினைப்பதற்குள் மீதி மறந்துபோகும்." பதற்றத்தில் நடப்பது இதுதான். சொல்லைத் தேட, வாக்கியத்தைக் கோக்க வேண்டிய கவனத்தில் பாதியைப் பயம் எடுத்துக்கொள்கிறது. அவள் ஒருமுறை ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்திருக்கிறாள். ஆசிரியை திட்டவில்லை; அன்பாகத் திருத்தி, மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார். அந்த மூன்று முறையும் வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றோடு பேச்சு நின்றுபோனது.

இந்தப் பயத்தை அளக்க மொழிக் கல்வி ஆய்வாளர் எலெயின் ஹார்விட்ஸ் குழுவினர் 1986-இல் 33 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார்கள். பேசத் தயங்குவது, தேர்வுக்கு அஞ்சுவது, பிறர் குறைவாக மதிப்பிடுவார்களோ என்று பயப்படுவது என மூன்றை அவர்கள் குறிப்பிட்டார்கள். கல்லூரி மாணவர்களை வைத்து உருவான வினாத்தாள் அது. சின்னப் பிள்ளைகளிடம் அப்படியே நீட்டக் கூடாது. ஆனால் நான் பார்க்கும் குழந்தைகளிடம் அந்த மூன்றாவது பயம்தான் மேலோங்கி இருக்கிறது.

அதனால் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது நேரம். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கண்டறிந்தார். அதையே மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். வேற்று மொழியில் சொல் தேடும் குழந்தைக்கு அந்த மூன்று நொடிகூடப் போதாது.

அடுத்தது, திருத்தும் விதம். "நேற்று நான் போகிறேன்" என்று குழந்தை சொன்னால், "ஓ, நேற்று போனாயா? யாரோடு?" என்று கேட்டால் சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், பேச்சும் அறுபடாது. அந்தச் சிறுமிக்கு இதைத்தான் செய்தோம். முதலில் தோழி ஒருத்தியிடம் மட்டும் பேசினாள், அப்புறம் நாலு பேர் குழுவில், உட்கார்ந்தபடியே. கைதூக்க இரண்டு மாதம் ஆனது.

மொழிக்கே புதிய குழந்தை சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். அதற்குப் பதற வேண்டாம். ஆனால் பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல், நன்றாகத் தெரிந்த தாய்மொழியில்கூடப் பள்ளியில் ஒரு சொல் வரவில்லை என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு யாராவது வந்திருக்கும்போது, "அந்த மொழியில் ஏதாவது பேசிக் காட்டு" என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.