சொல் விளக்கம்: டெமோ கார்

வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பதற்காகக் கார் கடை வைத்திருக்கும் வண்டி டெமோ கார். டெமோ என்பது டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். அதற்கு மூலம் இலத்தீன்: டெமான்ஸ்ட்ராரே என்றால் சுட்டிக்காட்டுதல், எடுத்துக்காட்டி விளங்கவைத்தல். அதே வேரில் பிறந்த டெமான்ஸ்ட்ரேஷன் தமிழுக்கு வந்தபோது இடம் பார்த்து இரண்டாகப் பிரிந்தது. தெருவில் கொடி பிடித்தால் ஆர்ப்பாட்டம். வயலிலோ வகுப்பறையிலோ செய்து காட்டினால் செயல்விளக்கம். கார் கடையில் மட்டும் டெமோ வண்டி என்றே தங்கிவிட்டது.

அமெரிக்கக் கார் கடைகளில் இந்தச் சொல்லின் பொருள் நம்மூர் ஷோரூமில் இருப்பதைவிட அகலமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில், சேல்ஸ்மேனுக்குக் கமிஷனோடு சேர்ந்து வந்த சலுகை அது. கடை ஸ்டாக்கிலிருந்து ஒரு புது வண்டியைக் கொடுப்பார்கள். பகலில் வாடிக்கையாளர் அதை ஓட்டிப் பார்ப்பார், மாலையில் சேல்ஸ்மேன் அதிலேயே வீட்டுக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் வெள்ளி இரவு பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்திலும் அது நிற்பதே கடைக்கு விளம்பரம். சில ஆயிரம் மைல் ஓடியதும் விலையைச் சற்றுக் குறைத்து விற்றுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்து ஊழியர்கள் “என்னிடம் ஒரு 66 டொரொனாடோ இருந்தது” என்று 1966 மாடல் காரைப் பற்றிச் சொன்னால் சொந்தமாக வாங்கியது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலும் டெமோவைத்தான் சொல்வார்கள்.

டெமோவுக்கென்று ஆர்டர் போடும்போது கடைக்காரர் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார். ஏசி, பவர் விண்டோ, வினைல் கூரை, நல்ல ரேடியோ என்று எல்லாம் இருக்கும். ஒருமுறை அனுபவித்தவர் வெறும் வண்டியோடு திரும்பமாட்டார் என்ற கணக்கு. பழைய டெமோக்களைப் பற்றி இத்தனை ஏக்கத்தோடு பேசுவதற்கு இதுவும் காரணம்: அந்த ஊழியர்களில் பலர் தங்கள் காசில் வாங்கியிருக்க முடியாத வண்டிகள் அவை.

ஓட்டிக் காட்டுவது என்றால் என்ன என்பதற்கு 1966 ஓல்ட்ஸ்மொபில் டொரொனாடோ நல்ல சான்று. 425 கன அங்குல வி8, 385 குதிரைத்திறன். அத்தனை சக்தியும் முன்சக்கரங்களுக்குப் போகும். அன்றைய அமெரிக்காவில் இது பெரும் புதுமை. 1937இல் கார்ட் (Cord) என்ற காரின் தயாரிப்பு நின்றபிறகு அங்கே முன்சக்கர இயக்கத்தில் கார் வந்ததே இல்லை. இஞ்சின் நீளவாக்கில்தான் இருக்கும். இஞ்சின் சக்தியைத் திரவம் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து அகலமான ஒரு செயின் வழியாகப் பக்கத்தில் இருக்கும் கியர்பெட்டிக்குச் சக்தி திரும்பும். இதையெல்லாம் பானெட்டைத் திறந்து விளக்கினால் வாங்க வந்தவருக்குக் கொட்டாவிதான் வரும். கதவைத் திறந்து தரையைக் காட்டினால் போதும். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லாததால் நடுவில் மேடு கிடையாது, தரை சமதளம். பெஞ்ச் சீட்டின் நடுவில் உட்காரச் சொன்னால் காலை எங்கே வைப்பது என்ற தவிப்பே இருக்காது. காட்டக் கூடாததும் ஒன்று உண்டு: நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டியை வேகத்திலிருந்து இரண்டு மூன்று தடவை அழுத்தி நிறுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். முன் டிஸ்க் பிரேக் 1967இல்தான், அதுவும் கூடுதல் காசுக்கு, வந்தது.

1987 ப்யூக் கிராண்ட் நேஷனல் வேறு வகை. 3.8 லிட்டர் வி6, டர்போ, இன்டர்கூலர், 245 குதிரைத்திறன், கறுப்பு ஒன்றே நிறம். டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஒன்றும் நடக்காது, அது சுழன்றெழுந்தபின் வண்டி பாயும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் சாவியைக் கொடுத்தால் ஓட்டுபவர் இன்னும் அழுத்துவார். அதன் பிரேக் உதவி பவர்மாஸ்டர் என்ற மின்சாரப் பம்ப் அமைப்பு. அழுத்தத்தைச் சேர்த்துவைக்கும் உருளையோ ஸ்விட்சோ பழுதானால் பெடல் கல்லாகிவிடும். இன்று அந்த வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதைக் கழற்றிவிட்டு, இஞ்சினின் உறிஞ்சலில் இயங்கும் வழக்கமான வாக்குவம் பூஸ்டர் மாட்டிக்கொள்கிறார்கள், சரியான முடிவு.

எல்லா டெமோவும் இனிய நினைவு அல்ல. 1978இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் 5.7 லிட்டர் டீசலை ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தவர்கள் பாவம். டீசலின் 22.5 மடங்கு அழுத்தத்துக்கு, பெட்ரோல் இஞ்சினில் இருந்த அதே எண்ணிக்கையில், சிலிண்டர்களை மூடும் ஒரு ஹெட்டுக்குப் பத்து போல்ட்டோடு விட்டார்கள். அவை இழுபட்டு, கேஸ்கெட் கசிந்து, சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டியும் கிடையாது, அதனால் இன்ஜெக்ஷன் பம்ப் துருப்பிடித்தது.

இனி டெமோ புதியதா பழையதா என்ற கேள்வி. அமெரிக்கச் சட்டமே இதற்கு ஒரே பதில் சொல்வதில்லை. வண்டியோடு தொழிற்சாலை ஒரு பிறப்புச் சான்று அனுப்பும். அதை அரசிடம் கொடுத்து முதல் உரிமையாளர் பெயரில் உரிமைப் பத்திரம் எடுக்கும்வரை வண்டி புதுசு. டெமோவுக்குக் கடை அதை எடுக்காது. டீலர் நம்பர் பிளேட்டை மாட்டியே ஓட்டும். ஆகவே 4,000 மைல் ஓடினாலும் பத்திரப்படி அது கன்னி வண்டி. கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியலும் அப்படியே இருக்க வேண்டும். ஓக்லஹோமா செனட்டர் மைக் மோன்ரோனி கொண்டுவந்த 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடைசியில் வாங்குபவர் கைக்குப் போகும் வரை அதைக் கிழிக்கக் கூடாது. ஆனால் 1985இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதியில், இடம் மாற்றவும் சோதித்துப் பார்க்கவும் தேவைப்படுவதற்கு மேல் ஓடிய எதுவும் பழைய வண்டிதான். டெமோவும் அதில் அடக்கம். பழைய வண்டிக்குரிய அறிவிப்பை அதன் கண்ணாடியில் ஒட்டியாக வேண்டும். ஒரே கண்ணாடியில் ஒரு காகிதம் புதுசு என்கும், இன்னொன்று பழசு என்கும்.

சலுகை சுருங்கியதற்கு வரித்துறையும் ஒரு காரணம். 1984 சட்டத் திருத்தத்துக்குப்பின், டெமோவுக்கு வரி விலக்கு வேண்டுமானால் முழுநேர சேல்ஸ்மேனாக இருக்க வேண்டும், வண்டியை வேறு யாரும் ஓட்டக் கூடாது, விடுமுறைப் பயணம் போகக் கூடாது, சொந்தச் சாமான்களை அதில் போட்டு வைக்கவும் கூடாது. குடும்ப வண்டியாக இருந்தது அதோடு கணக்குப் புத்தகமாகிவிட்டது.

டெமோ வண்டி வாங்குபவர் பார்க்க வேண்டியவை, பழைய அமெரிக்க வண்டிகளை வைத்து. முதல் 500 மைல் இஞ்சினுக்குப் பதப்படும் காலம். வேகத்தை மாற்றி மாற்றி, முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓட்ட வேண்டும். டெமோவில் அந்த ஒழுங்கு இருக்காது. குளிர்ந்த இஞ்சினை அன்னியர் ஒருவர் முறுக்குவார், இரண்டு மைலில் அணைத்துவிடுவார். எண்ணெய் சூடேறாததால் ஈரமும் பெட்ரோலும் அதிலேயே தங்கும். அதனால் முதல் வேலை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது. கை கியர் வண்டியானால் மேட்டில் மூன்றாம் கியரில் முழுக்க மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பின் டயர்கள் மட்டும் முன்னவற்றைவிடப் புதிதாக இருந்தால் யாரோ சக்கரத்தைத் தரையில் சுழலவிட்டுப் புகை கிளப்பியிருக்கிறார்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர் கேபிளின் திருகு வளையத்தில் இடுக்கித் தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டால் மைல் ஏறாது. மீட்டரில் கை வைப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுத்தது 1972இல்தான். வாரண்டி, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, டெமோவாக இறங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். அந்தத் தேதியை எழுத்தில் கேளுங்கள்.

அறுபதுகளின் வண்டி டெமோவாக இருந்ததா என்று இன்று தேடுபவர்களுக்குத் தடயங்கள் உண்டு. செவர்லேயில் இஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள முன்தடுப்பின் தகட்டில் 04C என்றிருந்தால் ஏப்ரல் மூன்றாம் வாரத் தயாரிப்பு. 1965 முதல் சில ஆண்டுகள் வாரண்டிப் புத்தகத்தோடு வந்த உலோகத் தகட்டில் டெலிவரி தேதி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஆறேழு மாதம் இடைவெளி இருந்தால் சந்தேகிக்கலாம். விற்காமல் நின்ற வண்டிக்கும் இதே இடைவெளி வரும் என்பதால் டெலிவரி நாளின் மைல் கணக்கும் வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? காட்சி வண்டி என்பது பொருந்தாது. அது ஷோரூமில் அசையாமல் நிற்பதைக் குறிக்கும். அதற்கு அந்தச் சொல்லை ஒதுக்கிவைக்கலாம். 1964இல் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் பார்வைக்கு வைக்க வந்த முதல் வரிசை எண்ணுள்ள மஸ்டாங்கை ஸ்டான்லி டக்கர் என்ற விமானி வாங்கிக்கொண்டு போனாரே, அது காட்சி வண்டி. ஃபோர்டு பின்னாளில் அதைத் திரும்பப் பெற, புது மஸ்டாங் ஒன்றை மாற்றாகக் கொடுக்க வேண்டியிருந்தது. செயல்விளக்க ஊர்தி என்பது வேளாண் துறையின் ஜீப் போல ஒலிக்கிறது. வெள்ளோட்டம் அழகான சொல். புதுத் தேரையும் புதுப் படகையும் முதன்முதலில் இழுத்துப் பார்ப்பது அது. ஆனால் செய்தவர் சோதிப்பதைத்தான் சொல்கிறது, வாங்க வந்தவருக்குக் காட்டுவதை அல்ல. தொழிற்சாலைச் சோதனைக்கு அதை விட்டுவிடலாம். டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டிப்பார்த்தல் இருக்கிறது, யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். அதற்கு மறுபக்கமாக டெமோ காருக்கு ஓட்டிக்காட்டு வண்டி என்பதே சரி: காட்டுபவர், ஓட்டம், வண்டி மூன்றும் அதில் இருக்கின்றன. சேல்ஸ்மேன் வீட்டுக்கு எடுத்துப்போகும் அமெரிக்கப் பொருள் இதற்குள் வராது. அதைச் சொல்லும் இடத்தில் டெமோ என்றே எழுதுவது நல்லது. நம்மூரில் பொதுவாக டெமோ வண்டியை டீலர் பெயரில் பதிவு செய்தே ஓட்டுகிறார்கள். அதை வாங்குபவர் ஆர்சி புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளர், விலை பேசும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.